எலும்பை விட்டு வராத கறி

வீட்டு மொட்டை மாடியில் ஆட்டு விலா எலும்பை பார்பிக்யூ போட்டு விற்கும் தொழிலில் நெருப்பு சிறியதாக இருக்க வேண்டும், நேரம் பெரியதாக இருக்க வேண்டும், வாய் மூடியே இருக்க வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டம். வீட்டுச் சமையலை விற்றுப் பிழைக்கிற உங்களுக்கும் இது தெரியும் என்பதால் உங்களிடம் மட்டும் மனம்விட்டுச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது அவனியாபுரம். என் வீட்டுக்காரருக்கு கிரில் கேட் செய்யும் பட்டறை. ஒரு பழைய இரும்பு டிரம்மை நெடுக்காக அறுத்து, கால் வைத்து, மூடி போட்டு அவர்தான் அடுப்பு செய்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆர்டர்.

கத்தி கேட்கவில்லை

விலா எலும்பு முழுசாக, ஒரே பாளமாக வேண்டும். பின்பக்கம் ஒட்டியிருக்கிற சவ்வை உரித்து, மசாலா தடவி, வாழை இலையில் சுற்றி, அதன்மேல் அலுமினியத் தாள் சுற்றி, மெல்லிய சூட்டில் விட்டால்தான் கறி பஞ்சாக வரும். துண்டு போட்டுவிட்டால் அது சுக்காவுக்குத்தான் ஆகும்.

எங்கள் கறிக்கடை அண்ணன் இருபது வருஷமாக வெட்டிக்கொண்டிருப்பவர். நான் "முழுசா" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் கை நாலு வெட்டு போட்டுவிடும். மூன்று ஞாயிறு இப்படிப் போனது. மூன்று ஞாயிறும் எங்கள் வீட்டில் சுக்கா. நாலாவது வாரம் நான் கடைக்குள்ளேயே போய் கட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கடைசியில் பாளத்தை அப்படியே தாளில் சுற்றிக் கொடுத்தபோது, என்னவோ குறை வைத்து அனுப்புகிற மாதிரி அவர் முகம் வாடியிருந்தது.

"கொண்டு போ தங்கச்சி. வீட்ல வெட்ட முடியலைன்னா திரும்பி வா, சும்மாவே வெட்டித் தாரேன்."

ரெண்டு கிலோ

ஒரு ஞாயிறு காலை மூன்று வீட்டு ஆர்டர். மசாலா தடவி எல்லாம் தயார். கரிச் சாக்கைப் பார்த்தால் அடியில் தூள்தான் இருக்கிறது. பட்டறைக்குப் போயிருந்த வீட்டுக்காரருக்கு போன் போட்டு, "வரும்போது ரெண்டு கிலோ கரி வாங்கிட்டு வாங்க" என்றேன். சரி என்றார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்டிருந்தாலும் தப்பித்திருப்போம்.

முக்கால் மணி நேரம் கழித்து ரெண்டு கிலோ ஆட்டுக்கறியோடு வந்து நின்றார். எலும்பில்லாததாகப் பார்த்து, கொழுப்பைத் தனியாக எடுக்கச் சொல்லி வாங்கியிருந்தார். நம் ஊர் வாயில் இரண்டுக்கும் ஒரே சத்தம். பக்கத்துத் தெருவில் மூன்று வீட்டில் தேங்காய்ச் சிரட்டை வாங்கி அன்றைய நெருப்பை மூட்டினேன். நான் ஒன்றும் பேசவில்லை. அவருக்கு அது போதவில்லை.

"நீ கேட்டதத்தான வாங்கியாந்தேன். அடுப்புக்குள்ள போடுறதா, அடுப்பு மேல போடுறதான்னு நீதான் சொல்லணும்."

மறுவீட்டு விருந்து

டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் மறுவீட்டு விருந்து. புது மாப்பிள்ளைக்கு விலா எலும்பு பிடிக்கும் என்று மகள் சொன்னாளாம். டிரம்மை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே போய்விட்டேன். பெண்ணின் அம்மா அடுப்படியில் என்னிடம் விஷயத்தைச் சொன்னார். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயர் விட்டுப்போய்விட்டது. அன்றிலிருந்து மாப்பிள்ளை மாமனாரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. விருந்துக்கு வந்ததே பெரிது.

அன்று எனக்கு வாய்த்தது முற்றின கிடா. நேரம் பற்றாது என்று உள்ளுக்குள் தெரிந்தும், ஒரு மணிக்கு இலை போட்டுவிட்டார்களே என்று பரிமாறினேன். மாப்பிள்ளை ஒரு எலும்பைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையால் இழுத்தார். இலைதான் கூட வந்தது. மாமனார் மோரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தப்பு எம்மேலதான். வேகல. ஒரு மணி நேரம் குடுங்க" என்று சொல்லி, வைத்த கறியைத் திரும்ப எடுத்தேன். பரிமாறினதை இலையிலிருந்து எடுத்த சமையல்காரி அந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர்கள் குக்கரிலேயே தண்ணீர் விட்டு விசில் விட்டேன். கடைசியில் வாட்டி எடுக்க நெருப்பு வேண்டும்; அதற்குள் வெளியே டிரம் அணையப் பார்த்தது. மாமனார் ஒரு சுளகை எடுத்துக்கொண்டு வந்து விசிற ஆரம்பித்தார். புகை முழுக்க அவர் முகத்தில். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை எழுந்து வந்தார்.

"குடுங்க மாமா. காத்துக்கு எதிர்ல நிக்கிறீங்க."

சுளகு கை மாறியது. மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அச்சடிச்சு வந்த பெறகுதான் மாப்ள பாத்தேன். மறுபடி அடிக்க நாள் இல்ல. நேர்ல போய்ச் சொல்லியிருக்கணும். கூச்சமாப் போச்சு" என்றார். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் விசிறினார். பிறகு, "சாயங்காலம் தாய்மாமன் வீட்டுக்குப் போறேன். நீங்களும் வாங்க" என்றார். நான் குக்கரைத் திறக்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டேன்.

இரண்டரை மணிக்குப் பந்தி. கறி எலும்பை விட்டுத் தானாக வந்தது. கிளம்பும்போது பெண்ணின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்தபடி சொன்னார்:

"நேரத்துக்கு வெந்துருந்தா பேசாமச் சாப்ட்டுட்டு கெளம்பியிருப்பாருத்தா."

பல் இல்லாத பரிசோதகர்

சிம்மக்கல்லிலிருந்து டவுன் பஸ் பிடித்து வாராவாரம் வருவார் ஒருவர். ஓய்வுபெற்ற கண்டக்டர். வாயில் மேலே இரண்டு பல், கீழே அதுவும் இல்லை. ஈறால் கடித்துப் பார்த்து, "வெந்துருக்கு", "இன்னும் பத்து நிமிஷம்" என்று தீர்ப்புச் சொல்வார். அவர் தலையாட்டாமல் எந்தப் பொட்டலமும் என் வீட்டை விட்டுப் போனதில்லை. ஏழெட்டு மாதம் இப்படி.

பிறகு ஒரு மாதம் ஆளைக் காணவில்லை. உடம்புக்கு என்னவோ என்று எனக்குக் கவலை. வந்தார். முழுப் பல் செட்டு, பளிச்சென்று. அன்று அவருக்கென்றே பார்த்துப் பார்த்துச் செய்து, எலும்பைத் தொட்டாலே உதிர்கிற பதத்தில் வைத்தேன். ஒரு வாய் வைத்தார். மென்றார். மெல்ல ஒன்றும் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு வருத்தமாக என்னைப் பார்த்தார்.

"இம்புட்டு மெத்துன்னு இருந்தா, நான் எதுக்கும்மா பல்லு கட்டிட்டு வந்தேன்?"

நாலு மணி நேரம் நெருப்பு முன்னால் நின்று செய்வதை நாலு நிமிஷத்தில் தின்றுவிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த ஒரு வார்த்தை இதுவரை "நல்லாருக்கு" என்பதாக மட்டும் இருந்ததில்லை.