விலாசம் பார்க்க வந்தவர்

ஆதிகேசவன் எந்த வீட்டிலும் எடுத்த எடுப்பில் மணியை அழுத்துவதில்லை. முதலில் குனிந்து செருப்பு ஸ்டாண்டைப் பார்ப்பார். ஆண் செருப்பு எத்தனை, பெண் செருப்பு எத்தனை, எதில் தூசி, எதில் ஈரம். அப்புறம் மின்சார மீட்டர் பெட்டியில் எழுதியிருக்கும் பெயர். அப்புறம் கதவில் தொங்கும் பால் பை. இதெல்லாம் முடிந்து விரல் மணிக்குப் போவதற்குள், உள்ளே இருப்பவர் சொல்லப்போவதில் முக்கால்வாசி அவருக்குத் தெரிந்துவிடும். “பையன் இங்கதான் இருக்கான்னு அம்மாகாரி சொல்லுவாங்க. அவன் ஷூவுல சிலந்தி வலை கட்டியிருக்கும். நான் யாரைம்மா நம்புறது?” என்பார் என்னிடம்.

சாப்ட்வேர் கம்பெனிகளில் புதிதாகச் சேரப்போகிறவர்கள் கொடுத்த விலாசம் நிஜம்தானா என்று நேரில் போய்ப் பார்த்து வருவது அவர் வேலை. கம்பெனி அவரை அனுப்புவதில்லை. அதற்கென்று ஓர் ஏஜென்சி, அதற்குக் கீழே இன்னொரு ஏஜென்சி, அதற்கும் கீழே பழைய பைக்கும் தோள்பையுமாக ஆதிகேசவன். அமெரிக்காவில் ஒரு வங்கி தன் வேலையைத் தூக்கி இங்கே கொடுக்கிறது. அது கைமாறிக் கைமாறி, கடைசியில் இவர் மேடவாக்கத்தில் மூன்று மாடி ஏறி உங்கள் செருப்பை எண்ணுகிறார். ரிப்போர்ட்டில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். சிவப்பு விழுந்தால் வந்த ஆஃபர் வந்த வழியே போய்விடும். பதினெட்டு வருஷமாக இந்த மூன்று நிறத்தைத்தான் அவர் போட்டுக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்காரர்கள் சொல்வதை எழுதிக்கொள்வார், நம்ப மாட்டார். அவர் நம்புவது தெருமுனை இஸ்திரிக்காரரை. வேலைக்குப் போகிறவன் சட்டை கொடுப்பான், போகாதவன் கொடுக்க மாட்டான், அவ்வளவுதான் கணக்கு. கொரோனா வந்து எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்ததும் அந்தக் கணக்கு கெட்டுப்போனது. ஆனாலும் விடவில்லை. “மேல் சட்டை மட்டும் வருது, பேன்ட் வர மாட்டேங்குதுன்னான் இஸ்திரிக்காரன். அப்ப வேலை இருக்குதுன்னு அர்த்தம். பச்சை போட்டுட்டேன்.”

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு வேறொன்று. அதை என்னிடம் குறைந்தது இருபது தடவையாவது சொல்லியிருப்பார். “உண்மை பேசறவன் கதவைப் பாதி தொறந்துக்கினு, என்ன வேணும்னு சிடுசிடுன்னு கேப்பான். பொய் சொல்லப் போறவன்தான் அகலமா தொறப்பான். வெயில்ல வந்திருக்கீங்களேம்பான். கேட்டதுக்குப் பதில் வராது, சொம்புத் தண்ணிதான் வரும்.” அதனால் எந்த வீட்டிலும் அவர் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. பையில் சொந்த பாட்டில் இருக்கும். காரப்பாக்கத்தில் ஒரு வீட்டில் தண்ணீரோடு கேசரியும் வந்ததாம். பையன் துபாய்க்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

“மனசார உபசரிக்கிறவங்களும் இருப்பாங்களே சார்” என்றேன் ஒரு முறை.

“இருப்பாங்க. அவங்க பதிலைச் சொல்லிட்டுத் தண்ணி குடுப்பாங்க. வரிசைய பாரும்மா, வரிசைய.”

என்னையும் சந்தேகப்பட்டவர்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் சாப்ட்வேர் வேலைக்குச் சேரும்போது நான் தனியாக ஒற்றை அறையில் குடியிருந்தேன். யாரோ சொன்னார்கள் என்று, பாதுகாப்புக்காக வாசலில் பத்தாம் நம்பர் ஆண் ஷூ ஒரு ஜோடி வாங்கி வைத்திருந்தேன். பெண் பேரில் ஃபைல், வாசலில் ஆம்பளை ஷூ. மஞ்சள் விழுந்தது. அதைப் பச்சையாக்க நான் ஒரு வாரம் அலைந்தேன். பிறகு இந்த ஃப்ளாட் வாங்கிக் குடிவந்த அன்று எதிர்வீட்டுக் கதவு பாதி திறந்தது. அதே மனிதர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அந்தப் பத்தாம் நம்பர் ஷூ இன்னும் இருக்கா?” என்றார். இருக்கிறது, அலமாரியில்.

எங்கள் தொழில் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் செய்தித்தாள் பார்ப்பதில்லை. மாலையில் அவர் பையைப் பார்ப்பேன். கொரோனா தணிந்த புதிதில் ஒரு நாளைக்கு நாற்பது விலாசம் வரும். ஒரே பையனுக்கு மூன்று கம்பெனியிலிருந்து மூன்று ஃபைல். மூன்றிலும் பச்சை வாங்கிக்கொண்டு நான்காவதில் போய்ச் சேர்ந்திருப்பான். இப்போது நாலு வந்தால் பெரிது. முன்பெல்லாம் மீசை முளைக்காத முகங்களாக வரும், இப்போது நாற்பது வயதுக்காரர்கள் வருகிறார்கள். பழைய சம்பளத்தில் பாதிக்கு ஒத்துக்கொண்டு, கதவைத் திறக்கும்போதே கண்ணைத் தாழ்த்துகிறார்கள் என்றார். பச்சை போடும்போதுகூடச் சங்கடமாக இருக்கிறதாம்.

கம்பெனிகள் பற்றி அவரிடம் ஒரு சந்தேகப் பட்டியலே உண்டு. கேன்டீனில் தட்டு சின்னதானால், கேப் வண்டியில் இரண்டு பேருக்கு மேல் ஏற்றினால், காவலாளி மாறினால், எல்லாவற்றையும் குறித்துவைப்பார். மோசமான செய்தியைவிட நல்ல செய்திதான் அவரைக் கூடுதலாக உறுத்தும். லிஃப்டில் என்னைப் பார்த்தால் குரலைத் தணித்து, “உங்காபீஸ்ல கேக் கீக் வெட்டினாங்களாம்மா?” என்பார். வெட்டவில்லை என்றால் நிம்மதியாகத் தலையாட்டுவார்.

ஜூன் மாதத்திலிருந்து அவர் ஏஜென்சியும் ஒரு காரியம் செய்கிறது. ஆளை அனுப்பாமல் செல்போனுக்கு ஒரு இணைப்பு அனுப்புகிறார்கள். வேலைக்குச் சேரப்போகிறவர் தன் வீட்டு வாசலைத் தானே படமெடுத்து அனுப்பினால் போதும், மெஷின் பார்த்துப் பச்சை போட்டுவிடும். சில கம்பெனிகள்தான் இன்னும் ஆள் போக வேண்டும் என்று கேட்கின்றனவாம். “எவன் வாசல் எவனுக்குத் தெரியும்? அது செருப்ப பாக்குமா? பால் பைய தொட்டுப் பாக்குமா?” என்று கேட்டார். பார்க்காவிட்டாலும் கவலைப்பட யாருமில்லையோ என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு ஒரே மகள், பார்கவி. ஆறு வருஷம் ஒரே கம்பெனியில் டெஸ்டிங் வேலை. ஏதோ ஒரு வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனியின் திரைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. அப்பாவின் குணம் அந்த வேலைக்கு நன்றாகவே உதவியிருக்க வேண்டும். போன வருஷக் கடைசியில் அவள் டீமில் எல்லாரையும், நீங்கள் எப்படிச் சோதிக்கிறீர்கள், எதை முதலில் பார்ப்பீர்கள், எங்கே சந்தேகம் வரும் என்று வரி வரியாக எழுதித் தரச் சொன்னார்கள். சாப்பாட்டு மேஜையில் அவள் இதைச் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன்.

“எதுக்கு எழுதிக் கேக்குறான்?” என்றார் ஆதிகேசவன்.

“நாலெட்ஜ் ஷேரிங்ப்பா. நல்லா எழுதினவங்களுக்குப் பரிசெல்லாம் உண்டு.”

“பரிசு வேறயா!” தட்டில் கை நின்றுவிட்டது. “பாப்பா, நாலு தப்பு தப்பா எழுதிக் குடு.”

அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நன்றாக எழுதிக் கொடுத்தாள். பரிசும் வாங்கினாள், ஒரு காபிக் கோப்பை. பிப்ரவரியில் ஓர் அறைக்குக் கூப்பிட்டு, நீயாகவே ராஜினாமா எழுதிக்கொடு, சாயங்காலத்துக்குள் லேப்டாப்பை ஒப்படை என்றார்கள். அவள் எழுதிக் கொடுத்ததை வைத்து இப்போது மெஷின் திரைகளைத் தட்டிப் பார்க்கிறதாம். தான் சொன்னது பலித்துவிட்டதைப் பற்றி ஆதிகேசவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கோப்பையை மட்டும் சமையலறையிலிருந்து எடுத்துப் பால்கனியில் வைத்து, அதில் கற்றாழை நட்டுவிட்டார்.

எட்டு மாதம். எங்கள் தொழிலில் ராஜினாமாவுக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் மூன்று மாதம் இடைவெளி இருந்தாலே விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கடைசியாக அக்டோபரில் அவளுக்கு ஓர் ஆஃபர் வந்தது. எதிர்வீட்டிலிருந்து என் வீட்டுக்கு மைசூர்பாகு வந்தது. அடுத்த ஞாயிறு ஆதிகேசவன் என் கதவைத் தட்டினார். முகம் செத்துப்போயிருந்தது.

மகளின் மேஜையில் ஒரு கடிதத்தைப் பார்த்திருக்கிறார். எட்டு மாதமாக அவள் கோவிலம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பதாகச் சொல்லும் கடிதம். விலாசத்தைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை, பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். “மாடி வீடும்மா. போர்டு இல்ல. வாசல்ல ஒரு குழந்தை செருப்பு, ஒரு கைத்தடி. அவ கூடப் படிச்ச பொண்ணு வீடு. கம்பெனியாம்! நானா இருந்தா நிக்க வெச்சு செவப்பு போட்டிருப்பேன்.”

எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. பெற்ற மகளின் பொய்யைக்கூட நேரில் போய்ச் செருப்பு எண்ணி உறுதிசெய்துகொண்டு வந்த மனிதர். சாயங்காலம் அவர்கள் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது, பேச்சு முழுக்க எனக்குக் கேட்டது.

“ஆறு வருஷம் நிஜமா வேலை பாத்தேன்ப்பா. அதை ஒருத்தனும் கேக்கல. எட்டு மாசத்த மட்டும் கேக்குறான். நான் என்ன பண்ணட்டும்?”

“தப்பு தப்புதான் பாப்பா.”

“சரி. நீ செவப்பு போட்டியே, அவங்கள்லாம் அப்புறம் என்ன ஆனாங்கன்னு என்னைக்காவது போய்ப் பாத்தியா? அதுக்கும் விலாசம் இருந்துச்சு இல்ல?”

நாற்காலி நகரும் சத்தம்தான் கேட்டது.

பார்கவிக்கு ஆஃபர் கொடுத்த கம்பெனிக்கு விலாசம் பார்ப்பது வேறு ஏஜென்சி. அவர்களும் ஆளை நேரில் அனுப்புகிறவர்கள். சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வியாழன் காலை மழைவிட்ட நேரத்தில் நான் கீழே இறங்கினால், ஆதிகேசவன் வண்டி நிறுத்தும் இடத்தில் குந்தியிருந்தார். கையில் மகளின் ஆபீஸ் ஷூ. எட்டு மாதத் தூசியைத் துடைத்துவிட்டு, சேற்றில் ஒருமுறை அழுத்தி எடுத்து, அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மறைக்கவில்லை.

“மழைக்காலத்துல வேலைக்குப் போறவ ஷூவுல சேறு இல்லன்னா சந்தேகம் வரும்” என்றார். இஸ்திரிக்கு அவளுடைய சுடிதார் நாலு போயிருந்தது. எனக்கும் பாடம் நடந்தது. “எதிர்வீட்ல கேப்பான். அவ வேலைக்குப் போறான்னு மட்டும் சொல்லு. எந்தக் கம்பெனின்னா தெரியாதுன்னு சொல்லு. கதவைப் பாதி தொற. சிடுசிடுன்னு இரு. உள்ள வாங்கன்னு மட்டும் கூப்ட்ராத.”

“நீங்க என்ன சொல்லப் போறீங்க?”

“நானா? ஒரே வரி. கோவிலம்பாக்கத்துல வேலை பாக்குறா. அவ்வளவுதான். கதவைச் சாத்திடுவேன்.” கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டதாக அவர் மனைவி பிறகு என்னிடம் சொன்னார்.

இதற்கிடையில் செவ்வாயன்று என் ஆபீஸிலிருந்தும் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. தினமும் செய்கிற வேலையைப் படிப்படியாக, சின்ன விவரமும் விடாமல் எழுதித் தர வேண்டும், நம் எல்லாருடைய வளர்ச்சிக்காக. அதை அவரிடம் காட்டவில்லை. அவருக்கு இருக்கும் சந்தேகம் போதும்.

சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. பதினோரு மணிக்கு ஒருவர் மாடி ஏறி வந்தார். நாற்பது வயதிருக்கும், மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் படிக்கட்டெல்லாம் சொட்டியது. நான் என் கதவைப் பாதி திறந்து, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு நின்றேன். வந்தவர் மணியை அழுத்தவில்லை. குனிந்து செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தார். பார்கவியின் ஷூவை விரலால் லேசாகச் சாய்த்து அடியைப் பார்த்தார். மீட்டர் பெட்டியைப் பார்த்தார். பால் பையைத் தொட்டார். எதிர்வீட்டு ஜன்னல் திரை மெல்ல அசைந்தது. தொழில் தெரிந்த ஆள்தான் வந்திருக்கிறான் என்று உள்ளே இருந்தவருக்கும் தெரிந்திருக்கும்.

மணி அடித்தது. ஆதிகேசவன் கதவைப் பாதி திறந்தார். “என்ன வேணும்?” என்றார், அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே சிடுசிடுப்போடு.

வந்தவர் அட்டையைக் காட்டினார். எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார், பதில் சுருக்கென்று வந்தது. சொந்த வீடா என்றார், அதற்கும் வந்தது. அறைக்குள் பார்கவி நிற்பது எனக்குத் தெரிந்தது, துப்பட்டா நுனி மட்டும்.

வந்தவர் பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல், “பொண்ணு இப்போ எங்க சார் வேலை பாக்குறாங்க?” என்றார்.

ஆதிகேசவன் வாயைத் திறந்தார். மூடினார். வெளியே மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. பாதி திறந்திருந்த கதவை முழுக்கத் திறந்து, “வெயில்ல வந்திருக்கீங்களே சார், உள்ள வாங்க, முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க” என்றபடி சொம்பை எடுக்கத் திரும்பினார்.