அத்தான் வாங்கிய வெயில்

என் அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் ஆபரேட்டர். ஒரு பழைய ஆபீஸ் கட்டிடத்தில், லிஃப்டுக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பாதி ஆயுளை அதிலேயே கழித்தவர். "நாள் பூரா மேல ஏறியும் உத்தியோகத்துல ஒரு படி ஏறாத மனுஷன்" என்று அக்கா கிண்டல் செய்வாள். அத்தானும் கூடச் சேர்ந்து சிரிப்பார். கோபமே வராத பிறவி. பார்த்துக்கொண்டிருக்கும் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவர் ஓய்வு பெற்ற வருஷம்தான் அக்காவின் நுரையீரல் கெட்டது. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று ஆரம்பித்து, கட்டிலோரத்தில் ஓர் ஆக்சிஜன் மெஷினில் வந்து நின்றது. அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிற மெஷின். ராத்திரி பகல் என்றில்லாமல் ஓடவேண்டும், ஓடுவதற்குக் கரண்ட் வேண்டும். அந்த மின்சார பில்லைப் பார்த்தால் நல்லா இருக்கிறவனுக்கே மூச்சு முட்டும். போதாததற்கு, பராமரிப்பு என்று சொல்லிப் பகலில் மணிக்கணக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். அப்போதெல்லாம் வீட்டிலிருந்த பழைய இன்வெர்ட்டரும் பேட்டரியும் கொஞ்ச நேரம் மெஷினை இழுத்துப் பிடிக்கும். அதற்குமேல் போனால் ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது.

சோலார் கம்பெனிக்காரர் வந்து இரண்டு வகை சொன்னார். ஒன்று பேட்டரியோடு. இன்னொன்று பேட்டரி இல்லாமல் தெரு லைனோடு சேர்ப்பது, நாம் செலவழித்தது போக மிச்சக் கரண்ட் லைனுக்குப் போய் பில்லில் கழியும். பேட்டரி வகைக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை. அத்தான் நாலு நாள் தூங்காமல் யோசித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நீயே சொல்லும்மா. கரண்ட் எப்போ போகுது? பகல்ல. வெயில் எப்போ அடிக்குது? அதே பகல்ல. அப்புறம் பேட்டரி எதுக்கு?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பாங்கில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர்கூட, "அத்தான் சொல்றது கரெக்ட்தானே" என்றார்.

ஓய்வுப் பணம் முழுவதும் மொட்டை மாடிக்குப் போனது. கொஞ்சம் துண்டு விழுந்ததற்குப் பழைய இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் விலையில் கழித்துக்கொள்ளும்படி கம்பெனிக்காரரிடமே கொடுத்துவிட்டார். இனி அது எதற்கு என்பது அவர் எண்ணம்.

முதல் பில் வந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை மார்க் ஷீட்டைக் காட்டுவதுபோல் தெருவெல்லாம் காட்டினார். பொய் சொல்லக்கூடாது, பில் உண்மையிலேயே ஒன்றுமில்லாமல் ஆகிவிட்டது. அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டார் மாடியேறிப் பார்த்துவிட்டுத் தாங்களும் போடப்போவதாகச் சொன்னார்கள்.

"ஏழு வருஷத்துல போட்ட காசு திரும்பி வந்துடுமாம்" என்று அக்காவிடம் சொன்னார்.

"வரட்டும். வர்றப்போ நீங்கதான் கதவைத் திறக்கணும்" என்றாள் அக்கா.

அவள் கிண்டலுக்கு அத்தான் சிரிக்காமல் நின்றதை அன்றுதான் முதல்தடவை பார்த்தேன்.

கோடையில் ஒரு நாள் கரண்ட் போனது. நானும் அங்கே இருந்தேன். நடுப்பகல், வெயில் மண்டையைப் பிளந்தது. மின்விசிறி நின்றது, மெஷின் கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது.

"பதறாதீங்க. இப்போ சோலார் எடுத்துக்கும்" என்றார் அத்தான்.

காத்திருந்தோம். எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. அக்காவின் உதடு நிறம் மாறுவதைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில்தான் அவர் சிலிண்டரை மாட்டினார். மாட்டிவிட்டு மாடிக்கு ஓடினார். நான் போய்ப் பார்த்தபோது பேனல் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். கை வைக்க முடியாத சூடு. கையை எடுக்கவே தோன்றவில்லை அவருக்கு.

போனில் கம்பெனிக்காரர் பொறுமையாகத்தான் பேசினார். "சார், லைன்ல ஆள் ஏறி வேலை செய்வாங்க. அப்போ உங்க மாடிக் கரண்ட் கம்பிக்குப் போனா அந்த ஆள் செத்துடுவான். அதனால தெருவுல கரண்ட் போனா இதுவும் தானா நின்னுடும். கோளாறு இல்ல சார், பாதுகாப்பு."

"வெயில் இருந்தா கரண்ட் வருமான்னு கேட்டேனே."

"கரண்ட் போனா வருமான்னு நீங்க கேக்கலியே சார்."

நான் போனைப் பிடுங்கினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்கவேண்டும் என்றுதான் பிடுங்கினேன். ஆள் சாகக்கூடாது என்கிறவனிடம் எதைக் கேட்பது? போனை வைத்துவிட்டேன்.

பேட்டரி சேர்க்கவேண்டுமானால் சோலாருக்காகச் சுவரில் மாட்டிய பெட்டியையே மாற்றவேண்டுமாம். தனியாகப் பழைய மாதிரி இன்வெர்ட்டர் வாங்கவும் அவரிடம் பணமில்லை. என் மகளைக் காலேஜில் சேர்த்த வருஷம் அது, எங்கள் கையும் காலி. "பில்லுல மிச்சமாகிறதைச் சேர்த்து வாங்கிடுறேன்" என்றார் அத்தான். சேர்ந்துகொண்டுதான் இருந்தது, அடுத்த கோடைக்குள் சேர்ந்துவிடும்.

இந்தக் கோடை முடிவதற்குள்ளேயே தெருமுனையில் ஒரு பெரிய கிளை முறிந்து கம்பிமேல் விழுந்தது. காலையில் போன கரண்ட் மதியம்வரை வரவில்லை. சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தோம், வந்துகொண்டே இருப்பதாகச் சொன்னார்கள். அத்தானைத் தேடிப் போனேன். கம்பத்தடியில் அண்ணாந்து நின்றார். மேலே லைன்மேன், வெறுங்கையில் கம்பியைப் பிடித்திருந்தான்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?"

"ஐயா, நீங்க கேக்கக் கேக்க எனக்குக் கை ஓடல."

அத்தான் இரண்டடி பின்னால் தள்ளி நின்றார். வீட்டு மாடியில் சோலார் செத்துக் கிடப்பதால்தான் அந்தப் பையன் பத்திரமாக இருக்கிறான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். யாரையும் திட்டக்கூட வழியில்லை.

வீட்டுக்கு வந்ததும் மறுபடி மாடிப்படிப் பக்கம் திரும்பினார். எதற்கென்று அவருக்கே தெரியாது. அக்கா கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே மூச்சு இழுத்தது.

"எங்கயும் போகாதீங்க. நீங்க மாடிக்கும் தெருவுக்கும் ஓடுறீங்க. நான் இங்க தனியா கிடக்கேன்."

அத்தான் கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல், அவள் மூச்சை இழுக்கும்போது தானும் இழுத்தார், அவள் விடும்போது தானும் விட்டார். அடுத்ததை அவள் இழுக்கும்வரை அவரும் இழுக்காமல் காத்திருந்தார்.