மாமா போய் எத்தனை வருஷம்?

என் அத்தை மகன்மேல் எனக்கு இருந்த பொறாமைக்கு அளவே கிடையாது. யுத்தத்தின்போது பர்மாவில் குண்டு போட ராத்திரியில் கிளம்பிய விமானத்தில் ஒயர்லெஸ் பார்த்தவர் அவனுடைய அப்பா. விமானம் திரும்பவில்லை, விழுந்த இடமும் தெரியவில்லை. அதனால் எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டில் மாமா செத்துப்போனார் என்று யாரும் சொல்வதில்லை. "அப்பா ஊர்ல இல்லாத பிள்ளை" என்று முதல் தோசையை அவனுக்குத்தான் போடுவார்கள். அத்தையும் நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு, எதைக் கேட்டாலும் "அவங்க வந்து சொல்லட்டும்" என்பாள்.

சுதந்திர தினத்தன்று ஸ்கூலில் கொடிக்கயிறு அவன் கையில்தான். என் அப்பாவோ பொன்மலையில் குமாஸ்தா. தினமும் சாயங்காலம் தவறாமல் வீட்டுக்கு வந்துவிடுவார். அதில் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?

வருஷத்துக்கு ஒருமுறை மாமாவின் அண்ணன் தென்னூரிலிருந்து வருவார். காப்பி குடித்துவிட்டு, "தம்பி போயி எத்தனை வருஷமாச்சு?" என்று கேட்பார். காணாமல் போனவருக்காகப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும், அதற்குமேல் தர்ப்பையில் உருவம் செய்து கொளுத்திக் காரியம் பண்ணிவிட வேண்டும் என்பது வழக்கம். அப்பா உத்தரத்தைப் பார்ப்பார். "பத்து இருக்குங்களா? பதினொண்ணு?" என்பார். "இருக்கும், இருக்கும்" என்று அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அடுத்த வருஷமும் அதே கேள்வி, அதே பத்து பதினொன்று.

எனக்குப் பத்து வயதான வருஷம் மாமாவின் அண்ணன் அத்தை மகனுக்கு ஒரு பேனா வாங்கி வந்தார். நான் கணக்கில் நூற்றுக்கு நூறு. பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்திலேயே நிற்கிறேன், என்ன என்று கேட்க நாதியில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அந்த நேரம் பார்த்து அப்பா, "பத்து, பதினொண்ணு இருக்குங்க" என்றார்.

"தப்புப்பா!" என்று கத்தினேன். "இவன் அத்தை வயித்துல இருக்கறப்பதானே மாமா போனாங்க? இவனுக்கே பதினாலு வயசு!"

யாராவது ஒருவர் கெட்டிக்காரி என்று சொல்வார்கள் எனக் காத்திருந்தேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாமாவின் அண்ணன் அந்தப் பேனாவின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கடைசியில் சமையலறை வாசலில் நின்ற அத்தைதான் பேசினாள்.

"கணக்கு சரிதாண்டி, கண்ணு."

வெளியே வந்த பேச்சை அப்புறம் யார் உள்ளே தள்ள முடியும்? அந்த மாதமே கொள்ளிடக் கரையில் காரியம் நடந்தது. அவனுக்கு மொட்டை அடித்தார்கள். வந்தவர்கள் எல்லாம் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்போதும் எனக்குப் பொறாமைதான். ஸ்கூலுக்குப் பத்து நாள் லீவு அவனுக்கு.

எல்லாம் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை பூக்காரம்மா வந்தாள். பழக்க தோஷத்தில், அம்மாவுக்கு ஒன்று அத்தைக்கு ஒன்று என்று இரண்டு முழம் மல்லிகை அளந்துவிட்டாள். அம்மா வேண்டாமென்று சொல்லவில்லை. இரண்டாவது முழத்தை என் சடையில் வைத்தாள். அந்த வீட்டில் எனக்கென்று ஒரு முழுசான முழம் கிடைத்தது அன்றுதான். தலை கொள்ளாத சந்தோஷம். அத்தை மகனைத் தேடிப் போய்க் காட்டினேன். அத்தையிடமும் திரும்பி நின்று காட்டினேன்.