கை காட்டிய போத்தல்

மருந்துக்கடையில் ஸ்பிரிட் மணத்ததும் பள்ளிக்கூடக் காலத்து டிஸ்பென்சரிக்குள் நின்றேன். விடுமுறையில் வேலை பழக எங்கள் வகுப்புப் பெண்களை அங்கே அனுப்பியிருந்தார்கள். மருந்து கலக்கும் அப்போதிக்கரி வெளியே போயிருந்த நேரம், கணவனுக்கு மருந்தெடுக்க ஒருத்தி வந்தாள்.

“என்ன வருத்தம், அக்கா?”

“மேலுக்கு ஏலாது.”

“அவரின்ரை பேர்?”

தலை குனிந்தாள். புருஷன் பெயரை எந்தப் பெண் சொல்வாள்? மேசையில் அவர் ஆயத்தமாக வைத்துவிட்டுப் போன இரண்டு சிவப்புப் போத்தல்களில் ஒன்றைக் காட்டி, “உதுதான், தாங்கோ பிள்ளை” என்றாள். ஒன்று குடிக்க. மற்றது உடம்பில் பூச. குடித்தால் உயிர் போகும்.

நான் கொடுக்கவில்லை. அவள் கை நீண்டபடியே நின்றது. போத்தல்களில் ஒட்டியிருந்த பெயர்களை வாசித்தேன்.

“கந்தையா.”

அசையவில்லை.

“வேலுப்பிள்ளை.”

நீண்ட கை தாலிக்குப் போனது. அவள் காட்டியதோ கந்தையாவின் பூச்சுமருந்து.

“ஐயாவின்ரை பேர் என்னம்மா?” கடைப்பெண் இரண்டாம் தடவை கேட்கிறாள். பின்னால் வரிசை நிற்கிறது. என் கை தாலியில் இருக்கிறது.