நிற்காத வண்டிக்கு ஒரு பிளேயர்

அமைதிப் படையோடு ஆப்பிரிக்காவுக்குப் போகச் சொல்லி என் அக்கா புருஷனுக்கு உத்தரவு வந்த அன்று எங்கள் வீட்டில் மூன்று பேர் அழுதார்கள். நான் அழவில்லை. எனக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது.

"பாவாவுக்குப் பாட்டு கேக்கற டப்பா ஒண்ணு வேணுமாம்டி. நீதான் அதெல்லாம் நோண்டிகினே இருப்பியே, நல்லதா ஒண்ணு பாரு" என்றாள் அக்கா.

நோண்டுவேன்தான். எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, இன்டர்வியூவுக்குப் போன கம்பெனிகள் எப்போது கூப்பிடும் என்று திருத்தணியில் உட்கார்ந்திருந்த மாதங்கள் அவை. என் மேசை இழுப்பறையில் பதினோரு இயர்போன்கள் இருந்தன. ஒவ்வொன்றைப் பற்றியும் கால் மணி நேரம் பேசுவேன். கேட்கத்தான் ஆள் கிடையாது. இப்போது ஒரு ராணுவ வீரரே கேட்கிறார் என்றால் விடுவேனா?

பாவா என்று நாங்கள் கூப்பிடும் அக்கா புருஷன் லீவில் வந்திருந்தார்; நிபந்தனைகளை அவரே சொன்னார். "படுக்கற எடத்துல போன் வெச்சிக்க வுட மாட்டாங்கம்மா. கேமரா, மைக், புளூடூத், வைஃபை எதுவும் இருக்கக் கூடாது. பாடணும், அவ்ளோதான்."

கேட்க எளிதாக இருந்தது. தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பாடுவதை மட்டும் செய்கிற பொருள் இன்றைக்கு எவ்வளவு அபூர்வம் என்று. ஒன்று பாடிக்கொண்டே என் நடையை எண்ணியது. இன்னொன்று என் இதயத் துடிப்பைக் கேட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து அட்டவணை போட்டு, ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் தீப்பெட்டி அளவில் சட்டையில் செருகிக்கொள்ளும் நீல நிறப் பிளேயர் ஒன்றை வரவழைத்தேன். தமிழில் பாதி, தெலுங்கில் பாதி, அவருடைய பட்டாளத்து நண்பர்களுக்காகக் கொஞ்சம் இந்தி என்று ஆயிரத்துக்கு மேல் பாட்டு ஏற்றினேன்.

பாவா இரண்டு பாட்டு கேட்டார். "சூப்பரா கீதும்மா" என்றார். கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். இரண்டு நாளாக அது அங்கேயே இருந்தது. மேலே மெல்லிசாகத் தூசி.

எனக்குப் பொறுக்கவில்லை. அக்கா அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "பேஸ் பத்தலயா அவருக்கு? சொன்னா மாத்திட்டுப் போறேன்."

அக்கா சமையலறைக் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவருக்குப் பாட்டு வேணாம்டி. தூக்கம் வேணும்."

போன முறை அவரை ஒரு மலை உச்சி முகாமில் போட்டிருந்தார்களாம். காற்று நின்றுவிட்டால் அங்கே ஒரு சத்தமும் கிடையாது. மூன்று வாரம் கண்ணே மூடவில்லை. பாவா ஓட்டுவது ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டி. ஒரு நாள் காலை ஸ்டீயரிங்கில் கண் செருகி, வண்டி தடுப்புச் சுவரை உரசிக்கொண்டு போய் நின்றது. யாருக்கும் அடியில்லை.

"இன்னொரு தபா ஆச்சுன்னா டிரைவர் வேலையே போயிடும். அதுகூடப் போவட்டும்டி. பின்னால பன்னண்டு பேரு ஒக்காந்துகினு இருக்காங்களே."

"நம்ம வூட்ல தூங்கறாரா?"

"எங்க தூங்கறாரு? ஃபேனப் பாத்துகினு படுத்திருக்காரு. மணவூர் போனா மட்டும் பொணமாட்டம் தூங்குவாரு."

மணவூரில் பாவாவின் வீடு ஸ்டேஷனை விட்டுத் தள்ளி, வயலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் இருக்கிறது. நான் அங்கே ஒரு ராத்திரி தங்கியிருக்கிறேன். வண்டி போகும்போது அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசும். நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

நேராக மாடிக்குப் போனேன். "பாவா, உங்களுக்கு ரயில் சத்தம்தானே வேணும்?"

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "உங்கக்கா சொன்னாளா? வெளிய சொல்லிடாதம்மா. மிலிட்டிரிக்காரனுக்குத் தாலாட்டு வேணுமாம்னு ஓட்டுவானுங்க."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு ரெண்டே நாள் குடுங்க."

அவர் கிளம்ப ஏழு நாள் இருந்தது. அந்த ஏழு நாளும் என் தலைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை.

முதல் தப்பை மறுநாளே செய்தேன். ரயில் சத்தத்துக்கு மணவூர் வரை எதற்குப் போக வேண்டும், நம்மூரில் ஸ்டேஷன் இல்லையா என்று திருத்தணி பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் போனோடும் ஒரு நல்ல மைக்கோடும் உட்கார்ந்துவிட்டேன். அன்று கிருத்திகை. ஒவ்வொரு வண்டியிலிருந்தும் காவடிக் கூட்டம் 'அரோகரா' என்று இறங்கியது. கூட்டம் குறைவான இரண்டு மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்து ஏற்றிக் கொடுத்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாவா படுத்தார். நான் கதவோரம் நின்றேன். மூச்சு சீராக ஆரம்பித்தது. சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"நின்னுட்டுது."

"பிளேயரா பாவா?"

"வண்டி. எங்க வூட்டாண்ட வண்டி நிக்காதும்மா. நின்னா ஏதோ அடிபட்டுகிச்சுன்னு அர்த்தம். மாடோ ஆடோ. சின்ன வயசுலேர்ந்து வண்டி நின்னா எங்க வூட்ல எல்லாரும் எழுந்து லைனுக்கு ஓடுவோம், நம்ம ஆடான்னு பாக்கறதுக்கு."

அதுவரை எனக்கு அது தோன்றவேயில்லை. திருத்தணிக்காரியான எனக்கு வண்டி என்றாலே வந்து நிற்பதுதான். நிற்காமல் போனால்தான் பதறுவேன். அவருக்கு நேர்மாறு. சத்தம் அவரைத் தூங்க வைத்தது உண்மை. ஆனால் எழுப்புவது சத்தம் இல்லை, அது நிற்பது.

அம்மா கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள். "ஸ்டேஷன்ல போய்ப் புடிச்சா வண்டி நிக்காம இன்னா பண்ணும்? இதுக்குத்தான் நாலு வருசம் படிக்க வெச்சமா?"

மறுநாள் காலை லோக்கலில் மணவூர் போனேன். பாவாவின் அம்மா, என் அத்தை, வாசலிலேயே பிடித்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னதும் "எம்புள்ளைக்கு எஞ்சின் சத்தம் கேட்டாத்தான் கண்ணு சொக்கும், உங்கக்காவுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றார். காற்று மோதாமல் மைக்குக்குப் பழைய சாக்ஸ் மாட்டி, பாவா படுக்கும் அறை ஜன்னல் கம்பியில் கட்டினேன். காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை, முழு எட்டு மணி நேரம். திருப்பித் திருப்பி ஒரே சத்தம் வந்தால் அது பொய் என்று காது கண்டுபிடித்துவிடும்; ஒரு ராத்திரிக்கு ஒரு ராத்திரி அளவு வேண்டும்.

"அத்த, அது வரைக்கும் நீங்க பேசக் கூடாது."

"என் வூட்ல நான் பேசக் கூடாதா?"

"உங்க புள்ள தூங்கணும்னா."

அத்தை வாயை மூடிக்கொண்டார். இருபத்து மூன்று நிமிடம் மூடியிருந்தார். அதற்குள் ஒரு எக்ஸ்பிரஸ், ஒரு லோக்கல், நீளமான ஒரு சரக்கு வண்டி எல்லாம் அருமையாகப் பதிவாகின. பிறகு முற்றத்தில் காயவைத்த மிளகாயை நோக்கி ஆடு வந்தது.

"ஏ நாசமாப் போறவளே! அதுல வாய் வெச்சே, உன் தோல உரிச்சிடுவன்! த்தா! போ! போன்னு சொல்றன் இல்ல!"

கத்தி முடித்தபின்தான் அத்தைக்கு ஞாபகம் வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சைகையால் 'அழித்துவிடு' என்றார்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டு அந்த இடத்தை வெட்டப் பார்த்தேன். வெட்டி ஒட்டினால் தூரத்தில் கேட்கும் சரக்கு வண்டி அந்த இடத்தில் குதித்தது. அது நின்று கிளம்புவது போலக் கேட்டது. ஆடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மதியம் பாவா நீலப் பிளேயரோடு படுத்தார். நான் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். பதினைந்தாவது நிமிடம் வாய் லேசாகத் திறந்தது. இருபத்து மூன்றாவது நிமிடம் அத்தை ஆட்டைத் திட்டியிருப்பார். பாவாவின் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. நான் ஓடிப் போய் அக்காவைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் சமையலறையில் சத்தம் வராமல் குதித்தோம்.

சரியாக ஒரு மணி நேரத்தில் பாவா எழுந்து வந்தார். கண் சிவந்திருந்தது. "நின்னுட்டுதும்மா."

இந்த முறை நிற்க வைத்தது பிளேயர். என் போன் பதிவை மணிக்கு ஒன்றாகத் துண்டு போட்டிருந்தது. ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் அந்த நீலத் தீப்பெட்டி அரை நொடி மூச்சு வாங்கியது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அந்த அரை நொடியை யாரும் கவனிக்க மாட்டார்கள். பாவாவின் காதில் அந்த அரை நொடியில் ஒரு ஆடு அடிபட்டது. எட்டையும் ஒரே துண்டாக ஒட்டிக் கொடுத்தேன். அவ்வளவு பெரியதைத் திறக்கவே மாட்டேன் என்றது தீப்பெட்டி.

அப்போதுதான் நான் எதைத் தேட வேண்டும் என்பதே எனக்குத் தெளிவானது. என் அட்டவணையில் பேட்டரி இருந்தது, எடை இருந்தது, ஒலித் தரத்துக்கு மட்டும் ஆறு கட்டம் இருந்தது. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் மூச்சு விடாமல் ஓடுமா என்ற ஒரு கட்டம் இல்லை. நான்கு நாள்தான் மீதி. வரவழைத்துச் சோதித்துத் திருப்பி அனுப்ப நேரம் இல்லை. இரண்டு துண்டுகளை மெமரி கார்டில் போட்டுக்கொண்டு அரக்கோணம் கடைத்தெருவுக்குப் போனேன்.

மூன்றாவது கடையில்தான் பிளேயர் என்ற வார்த்தையைக் கேட்டதும் கடைக்காரர் சிரிக்காமல் மேலே ஏறி ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார். விற்காமல் தங்கிப்போனவை. நான் கார்டைப் போட்டு, முதல் துண்டின் கடைசிக்கு ஓட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

"இன்னா பாட்டு மேடம் அது?" என்று ஒரு இயர்போனை வாங்கிக் காதில் வைத்தார். "இன்னா மேடம் இது, டிரெய்னு! வெளிய போய் நின்னீங்கன்னா சும்மாவே கேக்கலாமே!"

"நிக்காம ஓடுதான்னு பாக்கறேன் அண்ணா."

"அரக்கோணத்துல நிக்காத வண்டியா?" அவரே தன் ஜோக்குக்குச் சிரித்தார்.

முதல் பிளேயர் ஒரு நொடி நின்றது. இரண்டாவது நின்றதோடு 'நெக்ஸ்ட்' என்று ஒரு பெண் குரலில் அறிவிக்கவும் செய்தது. மூன்றாவதுக்கு உயிரே வரவில்லை. நான்காவது சோப்புக் கட்டி மாதிரி, கறுப்பாக, தடித்த பொத்தான்களோடு இருந்தது. என் அட்டவணையில் முதல் நாளே அழகில்லை என்று நான் அடித்த ரகம். ஓட்டினேன். காத்திருந்தேன். ஒட்டுப் போட்ட இடம் வரவே இல்லை. திரையைப் பார்த்தால் இரண்டாம் துண்டு ஓடிக்கொண்டிருந்தது. திரும்பவும் வைத்தேன். ஐந்து முறை வைத்தேன். ஒட்டு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரிந்திருந்தும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லா மெனுவிலும் புகுந்து பார்த்தேன். மைக் இல்லை, கேமரா இல்லை, புளூடூத் இல்லை.

"அண்ணா, இது!"

"அதுவா? கலரே நல்லால்லியே மேடம். அத யாரும் எடுக்க மாட்டாங்க."

"நான் எடுக்கறேன்!" கத்திவிட்டேன் போல. எதிர்க்கடை ஆள் எட்டிப் பார்த்தார்.

மறுநாள் முழுக்க அதை ஓட விட்டுப் பார்த்தேன். எட்டு மணி நேரம் தாண்டியும் பேட்டரி கால் பங்கு மிச்சம் வைத்தது. உண்மையான பரீட்சை அதற்கு அடுத்த நாள், பாவாவை வழியனுப்பும் சாப்பாட்டன்று. வீடு கொள்ளாத சொந்தம். மணவூர் அத்தையும் வந்திருந்தார். பந்தி முடிந்ததும் பாவா வேண்டுமென்றே கூடத்தின் நடுவில் பாயைப் போட்டுப் படுத்தார். பெரியப்பா ஒருவர் ஆப்பிரிக்காவுக்கு மும்பை வழியா டெல்லி வழியா என்று சத்தம் போட்டார். மிக்ஸி ஓடியது. சித்தி மகள் பாவாவின் காலைத் தாண்டித் தாண்டிக் குதித்தாள். முதல் மணி நேரம் முடியும் நொடியில் நானும் அக்காவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் இமையையே பார்த்தோம்.

அசையவில்லை.

இரண்டாவது ஒட்டும் தாண்டியது. மூன்றாவதும். அதற்குப் பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டு, மிச்சமிருந்த பாயசத்தைச் சட்டியோடு எடுத்துக் குடித்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பெரிய பட்டம்.

பாவா எழுந்தபோது வாசலில் விளக்கு போட்டாயிற்று. "மணி இன்னா?"

"ஆறு."

"காலைலயா?"

கூடமே சிரித்தது. காரணம் தெரியாமலே பெரியப்பாவும் சிரித்தார்.

அவர் போய் மூன்று வாரம் கழித்து ஒரு மதியம் அழைத்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். சோதனையின்போது பிளேயரை வாங்கிக் காதில் வைத்த ஹவில்தார் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இது எந்த ஸ்டேஷன் என்று கேட்டாராம். ஸ்டேஷன் இல்லை சார், என் வீடு என்றாராம் பாவா. ரோடு மண் ரோடு, வண்டி நன்றாக ஓடுகிறது, தினமும் ஓட்டுகிறேன் என்றார். குரல் தெளிவாக இருந்தது.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. அக்காவின் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன்.

"பாவா, அத்த அந்த ஆட்டத் திட்டுவாங்களே, சிரிப்பு வரலியா உங்களுக்கு?"



"ஆடா? எந்த ஆடு?"