குவாட்டர்பேக்குகளுக்கு நான் எழுதிய தீர்ப்பு

பூனாவின் பாணேர் பகுதியிலிருந்து அந்த அழைப்பு வந்தபோது அப்பா பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். பேசியவர் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் இளைஞர். அமெரிக்க வாடிக்கையாளர்களோடு பேசிப் பேசி, அவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அந்த நாட்டுக் கால்பந்தின் மீது பித்துப் பிடித்திருந்தது. இறுதிப் போட்டி நெருங்குவதையொட்டி, தங்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் தமிழிலேயே ஒரு பட்டிமன்றம் வைக்கப்போவதாகச் சொன்னார். தலைசிறந்த குவாட்டர்பேக் அந்தக் காலத்தவரா, இந்தக் காலத்தவரா என்பது தலைப்பு. நடுவராக அப்பா வரவேண்டும்.

"வாரேன் தம்பி, கண்டிப்பா வாரேன்" என்று சொல்லிவிட்டு அப்பா தொலைபேசியை வைத்தார். பிறகு என்னிடம் வந்து, குவாட்டர்பேக் என்றால் என்ன என்று கேட்டார்.

அந்த அழைப்பு அவருக்கு எவ்வளவு பெரியது என்பது எனக்குத் தெரியும். பாதுகாப்புத் துறையின் கணக்கு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பூனாவிலேயே நாங்கள் குடியிருக்கும் சாங்வியில், எங்கள் தமிழ் வட்டத்தின் பொங்கல் விழாவில் ஆண்டுதோறும் அவர்தான் நடுவர். கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா, சேமிப்பா செலவா என்று எத்தனையோ தலைப்புகளுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். ஆனால் பேசவும் கேட்கவும் ஆள் குறைந்துபோய், அண்மைக் காலமாகப் பட்டிமன்றம் இருந்த இடத்தில் குழந்தைகளின் நடனமும் வினாடி வினாவும் வந்துவிட்டன. அப்பா முன்வரிசையில் அமர்ந்து கைதட்டிவிட்டு வருவார். இப்போது, தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசும் தலைமுறை தானாகத் தேடி வந்து அவரை அழைத்திருக்கிறது. இது நன்றாக அமைந்தால் மீண்டும் அழைப்பார்கள். "மாசம் ஒண்ணு வைக்கப் போறானுவளாம்" என்று அம்மாவிடம் அவர் சொன்னது அடுக்களையிலிருந்து எனக்குக் கேட்டது.

எனக்கோ அச்சம் வேறாக இருந்தது. அப்பாவின் நடுவர் உரைகளை நான் சிறுவயதிலிருந்து கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டவள். மனைவிமார்களைப் பற்றிய நகைச்சுவை, இடையிடையே பழைய பாட்டில் ஓரடி, அலுவலக அதிகாரிகளின் குரலில் மிமிக்ரி. சாங்வியில் சிரிப்பார்கள். பாணேரில், என் வயதை ஒத்தவர்கள் நடுவே, அவர் அவராகவே பேசிவிடுவார் என்பதுதான் என் அச்சம். நான் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை படிக்கிறேன். ஒரு சொல் பிசகினால் உறங்க முடியாதவள். ஆகவே, தீர்ப்புரையை நானே எழுதித் தருகிறேன் என்றேன்.

அப்பா சற்றுத் தயங்கினார். "பேச்சைக் கேக்காம தீர்ப்பு எப்படிம்மா எழுதுறது?"

அங்கே வருபவர்கள் இதில் ஊறியவர்கள், மேடையில் நின்று யோசித்தால் தடுமாற்றம் வரும், முக்கிய வாதங்கள் எவை என்பது எனக்கு முன்பே தெரியும் என்று விளக்கினேன். அவர் ஒப்புக்கொண்டார். மகள் படித்தவள் என்ற நம்பிக்கைதான் காரணம். அந்த நம்பிக்கையை நான் பயன்படுத்திக்கொண்டேன் என்று இப்போது எழுதும்போதே கை கூசுகிறது.

இரண்டு வாரம் கட்டுரைகளைப் படித்தேன். ஓர் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. பந்தைக் கையில் வாங்கி, எதிரிகள் பாய்ந்து வருமுன் யாருக்கு எறிவது என்று நொடியில் முடிவெடுப்பவர் குவாட்டர்பேக். அவருக்கு முன்னால் ஐந்து பெருத்த ஆட்கள் அரணாக நிற்பார்கள். அக்காலத்தில் அவரை எப்படி வேண்டுமானாலும் அடித்து வீழ்த்தலாம் என்றே இருந்தது; எந்த உத்தியை ஆடுவது என்பதையும் பெரும்பாலும் அவரே தீர்மானித்தார். இக்காலத்தில் விதிகள் அவரைக் காக்கின்றன. பயிற்சியாளரின் குரல் ஹெல்மெட்டுக்குள்ளேயே ஒலிக்கிறது. ஆகவே எண்களை அருகருகே வைத்து இரு காலத்தையும் ஒப்பிட முடியாது என்பது என் தீர்ப்பின் சாரம். ஹெல்மெட்டுக்குள் ஒலிக்கும் குரலை, பழைய காலத்துக்காக வாதாடும் அணி கட்டாயம் குறை கூறும் என்று கணித்து, அதற்கு நேர்த்தியான மறுப்பு ஒன்றையும் எழுதியிருந்தேன். அந்தப் பத்தியில் எனக்குக் கர்வம் இருந்தது.

அப்பா என்னைவிட நேர்மையாகத் தயாரானார். அந்த இளைஞர் அனுப்பிய பழைய ஆட்டங்களின் காணொளிகளைக் காலைக் காப்பியோடு பார்த்தார். ஒருநாள் தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "முன்னால அஞ்சு பேரு அடி வாங்கிட்டு நிக்கான். பின்னால நிக்கவன் பேருதான் பேப்பர்ல வருது. எங்க செக்ஷன் ஆபீசர் மாதிரில்லா இருக்கு. இதைச் சொல்லலாமா?"

"வேண்டாம்ப்பா. அங்க இதெல்லாம் எடுபடாது."

"சரி" என்றார்.

சனிக்கிழமை மாலை நான் ஸ்கூட்டியை ஓட்ட, அப்பா பின்னால் அமர்ந்து அவுந்த் வழியாகப் போனோம். தீர்ப்பைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்திருந்தேன். அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். கிளப் ஹவுஸில் சுமார் நாற்பது பேர். சமோசா, பெரிய திரை, ஆட்டக்காரர்களின் படங்கள். எல்லோரும் அவரை "அங்கிள்" என்றார்கள். அழைத்த இளைஞர் காலைத் தொட்டு வணங்கினார்.

பேச்சு தொடங்கியதும் நான் எழுதியவை ஒவ்வொன்றாகப் பயனற்றுப் போவதைக் கண்டேன். பழைய அணியில் பேசிய பெண் பூனாவிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ்ச் சொல் கிடைக்காதபோது இந்தியில் தாவினாள், ஆனால் ஆட்டத்தைப் பற்றி ஐயமில்லாமல் பேசினாள். "அப்போ அவங்கள அடிச்சா, ரெஃப்ரீ தப்புன்னு மஞ்சள் கொடி போட மாட்டாரு. விழுந்து, எழுந்து, மேல ஒட்டின மிட்டி தட்டிட்டு, ஃபிர் அடுத்த பந்துக்கு வந்து நிப்பாங்க. அதுக்கு மார்க்கே இல்லையா?" என்று கேட்டாள். ஹெல்மெட்டுக் குரலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுடைய கூட்டாளியும் பேசவில்லை.

புதிய அணியின் முதல் பேச்சாளர் எழுந்தார். அக்கால ஆட்டக்காரர்களில் பலர் ஆட்டமில்லாத மாதங்களில் வேறு வேலைக்குப் போனவர்கள், இன்றைய தடுப்பாட்டக்காரர்களின் வேகத்துக்கு அவர்கள் ஈடுகொடுத்திருக்க மாட்டார்கள் என்றார். பிறகு, இரு காலத்துக்கும் பொதுவான ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று நிறுத்தினார். "முன்னாடி நிக்கிற அஞ்சு பேர் அடி வாங்குவான். பேர் பின்னாடி நிக்கிறவருக்கு. நம்ம மேனேஜர் மாதிரி."

அரங்கம் அதிர்ந்தது. மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். இருந்தது மகிழ்ச்சி மட்டும். தனக்குத் தோன்றியது இன்னொருவருக்கும் தோன்றியிருக்கிறதே என்ற மகிழ்ச்சி. பேனாவை எடுத்து உறையின் மேல் ஏதோ குறித்துக்கொள்ளப் பார்த்தார். பிளாஸ்டிக்கில் மை பற்றவில்லை. பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

தீர்ப்புக்கு எழுந்தபோது, அவர் தாளைப் பாராமல் பேசிவிட வேண்டும் என்று ஒரு கணம் விரும்பினேன். அவர் பார்த்தே படித்தார். அவர் குரலே இல்லை அது. செய்தி வாசிப்பவரின் குரல். என் வாக்கியங்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு, நீளநீளமாக, அவர் வாயில் மூச்சு முட்டின. "ஹெல்மெட்டுக்குள் ஒலிக்கும் குரலைச் சுட்டிக்காட்டிய நண்பர் ஒன்றை மறந்துவிட்டார்" என்று படித்தபோது, பழைய அணிப் பெண் தன் கூட்டாளியைப் பார்த்தாள். அவன் உதட்டைப் பிதுக்கினான். பின்வரிசையில் யாரோ, "யாருடா சொன்னது?" என்றார், மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி. அப்பாவுக்கும் கேட்டது. வரி தவறி, அதே வாக்கியத்தை மீண்டும் முதலிலிருந்து படித்தார்.

ஒவ்வொரு காலத்துக்கும் அதனதன் அரசர் உண்டு, இரண்டும் சிறப்பே என்று உரை முடிந்தது. கைதட்டல் எழுவதா வேண்டாமா என்று தயங்கியது. அழைத்த இளைஞர் சிரித்தபடி, மரியாதையாகவே கேட்டார்: "அங்கிள், ஏதாவது ஒரு பக்கம் சொல்லுங்க. உங்களுக்கு என்ன தோணுது?"

அப்பா என்னைப் பார்த்தார். அவரிடம் பதில் இருந்தது. ஸ்கூட்டியில் வரும்போதுகூட அடிபட்டு எழுந்து வந்தவர்களின் பக்கமே பேசிக்கொண்டு வந்திருந்தார். அதைச் சொல்லலாமா என்று என்னிடம் அனுமதி கேட்கிறார் என்பது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. ஒரு தலையசைப்புப் போதும். நாற்பது பேரும் அவர் பார்வையைத் தொடர்ந்து என் பக்கம் திரும்பத் தொடங்கினார்கள். நான் குனிந்து, கைப்பையில் எதையோ தேடத் தொடங்கினேன்.

"அதான் இதுல எழுதியிருக்கே" என்றார் அப்பா.

அப்போது எழுந்த சிரிப்பில் கேலி இல்லை என்று என்னால் எழுத முடியும். அது முழு உண்மை ஆகாது. அப்பாவும் கூடச் சிரித்தார். வீடு திரும்பும்போது, "கடைசில நல்லாச் சிரிச்சானுவ, என்ன?" என்றார். காற்றில் கேட்காததுபோல் வண்டியை ஓட்டினேன்.

அந்தப் பட்டிமன்றத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அப்பாவைச் சேர்க்கவில்லை, என்னைச் சேர்த்திருந்தார்கள். மறுநாள் காலைக்குள் "அதான் எழுதியிருக்கே" என்பது அங்கே ஒரு ஸ்டிக்கராகிவிட்டது. எதற்கெல்லாமோ அதைப் போட்டார்கள். அப்பாவின் முகம் இல்லை. தாளைப் பிடித்த கை மட்டும். அதன் பின்னர் அந்த இளைஞரிடமிருந்து எனக்குத் தனியே செய்தி வந்தது. தீர்ப்பை எழுதியது நான்தானே, தமிழ் பிரமாதம், அடுத்த மாதம் கிரிக்கெட் கேப்டன்களைப் பற்றி வைக்கிறோம், நீங்களே நடுவராக வாருங்களேன், அங்கிள் தவறாக நினைக்க மாட்டாரல்லவா?

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. என் பிழை அவர் தலையிலும், அவர் மேடை என் கையிலும் வந்து சேர்ந்திருந்தன.

சில நாள் பதில் எழுதாமல் இருந்தேன். அப்பா ஒவ்வொரு மாலையும், போன் வந்ததா என்று நேராகக் கேட்காமல், "பாணேர்ப் பையங்க என்ன சொல்லுதாங்க?" என்று கேட்டார். இறுதியில் அந்த இளைஞரை நானே அழைத்தேன். சொல்லாத வாதத்துக்கு மறுப்பு எழுதியது என் குற்றம், அப்பா எப்போதும் கேட்டுவிட்டுப் பேசுபவர், தாள் இல்லாமல் ஒருமுறை அவரை அழையுங்கள் என்றேன். அவர் மிகக் கனிவாகப் பேசினார். "சேச்சே, நாங்க யாரும் தப்பா எடுத்துக்கல. அங்கிள் ரொம்ப ஸ்வீட். ஆனா பசங்க கொஞ்சம் யங்கா யாராவது வேணும்னு ஃபீல் பண்றாங்க." நடுவராக நான் வர இயலாது என்று சொல்லிப் போனை வைத்தேன். மறுப்பது பெருந்தன்மை என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றிவிட்டதும் வெட்கத்துக்குரியதே.

ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: ஸ்டிக்கரை, செய்தியை, நான் கேட்டதை, கிடைத்த பதிலை. அவர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சிரிச்சது என்னையா, அந்த எழுத்தையா?"

"எழுத்தைத்தான்ப்பா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். தீர்ப்பு எழுதிய நாளில் என்னை நம்பியது போல இப்போது நம்பவில்லை என்பது தெரிந்தது. "கையை மட்டுந்தானே போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார்.

மறுநாள் விடியற்காலை இறுதிப் போட்டி. கூடத்தில் குரல் கேட்டு எழுந்து வந்தேன். அப்பா மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, மடிக்கணினியை நாற்காலியில் வைத்துத் தனியே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தரையில் அமர்ந்தேன். முதன்முறையாக ஓர் ஆட்டத்தை முழுதாகப் பார்த்தேன். பந்து யார் கையில் இருக்கிறது என்பதுகூட எனக்குப் பல சமயம் புலப்படவில்லை. அப்பா விரலால் காட்டினார். இந்தக் குவாட்டர்பேக் அவசரக்காரன், அந்தப் பக்கத்தவன் விழும்போதும் பந்தை விடமாட்டான் என்று தனக்குள் பேசுவதுபோல் சொல்லிக்கொண்டே வந்தார். நன்றாகச் சொன்னார். கேட்க நான் ஒருத்திதான் இருந்தேன்.

இடைவேளையில் அவர் என் பக்கம் திரும்பாமல் கேட்டார்: "அடுத்த மாசம் யாரு நடுவர்?"

"அந்தப் பையனேதான் இருக்கப் போறானாம்."

"நல்லாப் பேசுவான்." மஃப்ளரை இழுத்து விட்டுக்கொண்டார். "நீ போவியா?"

"போகலப்பா."

"போ. போயி முழுசாக் கேட்டுட்டு வா. என்ன தீர்ப்புச் சொன்னான்னு எனக்கு வந்து சொல்லு."

சரி என்றேன். ஆட்டம் மறுபடி தொடங்கியது.