நாற்பதடி மரக்கன்றுகள்

பள்ளிக்கூடத்தைச் சுற்றுச்சூழலுக்கு இணக்கமாக மாற்றுவது எப்படி என்று பார்த்துவரப் பிள்ளைகளோடு கல்வராயன் மலைக்குப் போகலாமா, எந்த வழி நல்லது என்று சென்ற வாரம் ஓர் ஆசிரியை கேட்டு எழுதியிருந்தார். போகலாம். நானும் அதே காரியமாக ஒருமுறை போயிருக்கிறேன். எண்பதுகளின் பின்பாதி, இடஒதுக்கீடு கேட்டு வடமாவட்டங்களில் சாலைமறியல் நடந்த சமயம். கிளம்பும்போது பள்ளியைப் பசுமையாக்குவது எப்படி என்று எனக்குத் தெரிந்திருந்தது. திரும்பும்போது தெரியவில்லை. வழி மட்டும் நினைவிருக்கிறது.

அப்போது விழுப்புரத்தில் ஒரு மரம் வளர்ப்புச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தேன். மரங்களைப் பற்றி நான்கு புத்தகம் படித்திருந்ததால் என்னைப் போட்டார்கள். மற்ற உறுப்பினர்கள் மரம் வளர்ப்பவர்கள், அவர்களுக்கு நேரமில்லை. மலையில் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோகும் ஒரு பள்ளியிலிருந்து ஸ்டெல்லா டீச்சர் கடிதம் போட்டிருந்தார். நைனார்பாளையத்துக்காரர். ஆறாம் வகுப்பு கேட்டு மூன்று வருடமாக விண்ணப்பித்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் படிவத்தில் புதிதாக ஒரு பக்கம் முளைத்திருந்தது. வளாகத்தைப் பசுமையாக்க நூறு மரக்கன்றுகள் நட்டிருக்க வேண்டும். ஆய்வாளர் வந்து எண்ணுவார். வெள்ளிக்கிழமை வருகிறார். ஐந்தாம் வகுப்பில் பதினான்கு பேர், அதில் ஒன்பது பெண்கள். அடுத்த பள்ளி மலைக்குக் கீழே, இருபத்திரண்டு கிலோமீட்டரில். இந்த வருடமும் ஆறாம் வகுப்பு வராவிட்டால் அந்த ஒன்பது பேரும் படிப்பை விட்டு ஆடு ஓட்டப் போய்விடுவார்கள் என்று எழுதியிருந்தார்.

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு வாடகை வேனில் நூற்றிருபது கன்றுகளோடு கிளம்பினேன். வேம்பும் புங்கனும், ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் பையில். உளுந்தூர்பேட்டை சுமார் நாற்பது கிலோமீட்டர், ஆறே முக்காலுக்குப் போய்விட்டோம். லாரிகள் வரிசையாக நின்றன. நான்கு இட்லி, ஒரு காபி, இரண்டு ரூபாய். டிரைவர் காசி திரும்பிவிடலாம் என்றார். டீச்சர் கடிதத்தோடு அனுப்பியிருந்த படிவத்தைக் காட்டினேன். ஊர்களுக்குள் புகுந்து புகுந்து ஓட்டினார். தியாகதுருகத்துக்குக் கொஞ்சம் முன்னால் வழி முடிந்தது. சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் படுத்திருந்தது. அதன்மேல் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

கையில் கோடாலியோடு முப்பது வயதுக்காரர் ஒருவர் இறங்கி வந்தார்.

"இன்னா சார் வண்டியில?"

மரக்கன்று என்றேன். அவர் சாய்ந்து கிடந்த மரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கிண்டல் பண்ணிக்கினு வந்தீங்களா?"

இல்லை, பள்ளிக்கூடத்துக்கு என்று சொல்லிப் படிவத்தை நீட்டினேன். கோடாலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் படித்தார். பத்தாவது முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து பன்னிரண்டு வருடமாகக் காத்திருப்பவராம். படிவம் படிப்பதில் அவருக்கு இருந்த பழக்கம் எனக்கு இல்லை.

"நூறு கன்னு நட்டாதான் ஆறாங்கிளாசா? யாரு சார் போட்டது இந்தக் கண்டிஷன?"

தெரியாது என்றேன்.

"எங்களுக்கும் அதான் சார் தெரியல" என்று சொல்லிவிட்டு மரத்தின் பக்கம் திரும்பினார். "மாமா, எறங்கி வாங்க. சாமான் எறக்கணும்."

பேப்பர் படித்தவர்கள் வரிசையாக நின்று கன்றுகளைக் கைமாற்றி மரத்துக்கு அந்தப் பக்கம் கடத்தினார்கள். அங்கே மாட்டிக்கொண்டு நின்ற டிராக்டர் ஒன்றில் ஏற்றினார்கள். "பாத்துப் புடி மாமா, வெட்ன கை பட்டு வாடிடப் போவுது" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். கோடாலிக்காரர் ஒரு வேப்பங்கன்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். "இத்த நான் வச்சிக்கிறேன் சார். நூத்தியிருபதுல ஒண்ணு கம்மியானா பாதகமில்ல." எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்குள் போய்ச் சேர்வதற்குள் இன்னும் இரண்டு மரங்கள், இரண்டு தடவை இறக்கி ஏற்றல். வழியெல்லாம் எனக்கு ஒரே குழப்பம். இவர்கள் படிப்பிலும் வேலையிலும் இடம் கேட்டு மரத்தை வெட்டியிருக்கிறார்கள். நான் ஒரு வகுப்பைக் கேட்டு மரத்தை நடப் போகிறேன். இரண்டு கோரிக்கையும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. மரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பது மட்டும் இரண்டிலும் விளங்கவில்லை.

கள்ளக்குறிச்சியில் பஸ் இல்லை. கச்சிராயபாளையம் பதினாறு கிலோமீட்டர். மாட்டுவண்டியில் நான்கு மணி நேரம், பதினைந்து ரூபாய். அங்கே எட்டு நிமிடம் டீ குடித்தேன். மலையேறும் ஜீப்புக்கு மூன்று ரூபாய், ஒன்றரை மணி நேரம். பள்ளி வாசலில் இறங்கியபோது மாலை ஐந்தாகியிருந்தது. கன்றுகளை எண்ணினோம். டிராக்டரில் நசுங்கியவை முப்பத்தொன்று. அந்த எட்டு நிமிடத்தில் ஆடுகள் தின்றவை நாற்பத்தைந்து. கேட்டு வாங்கிக்கொண்டது ஒன்று. மீதி நாற்பத்து மூன்று.

ஸ்டெல்லா டீச்சர் சீக்கிரம் நட்டுவிடலாம் என்று மண்வெட்டி எடுத்து வந்தார். அப்போதுதான் பள்ளியை நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு அறை, ஒரு மைதானம். சுற்றி நான்கு பக்கமும் காடு. கூரைமேலே பலாக்கிளை, சன்னலுக்கு வெளியே கடுக்காய் மரங்கள். நூறு கன்றுக்கு அல்ல, பத்துக் கன்றுக்குக்கூட வெயில் விழும் இடமில்லை. நான் படித்த நான்கு புத்தகங்களிலும் இதற்கு வழி சொல்லியிருந்தது. ஒரு தாளில் படம் போட்டு, ஆறு பெரிய மரங்களை எடுத்துவிட்டால் போதும் என்று டீச்சரிடம் விளக்கினேன்.

"கீழ அவங்க வேலைக்காக வெட்டினாங்க" என்றார் டீச்சர். "நீங்க எதுக்கு சார் வெட்டணும்கிறீங்க?"

"மரம் நடத்தான்" என்றேன். சொன்னபோது அதில் எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை. டீச்சர் தாளை மடித்து என்னிடமே தந்துவிட்டு மைதானத்தின் ஓரமாகக் குழி வெட்ட ஆரம்பித்தார்.

மறுநாள் காலை நாற்பத்து மூன்றும் மண்ணில் நின்றன. பெற்றோர்கள் வந்திருந்தார்கள். ஐம்பத்தேழு குறைகிறது, அதனால் ஆறாம் வகுப்பு கிடைக்காது என்று டீச்சர் அவர்களிடம் சொன்னார். வெள்ளையன் என்பவர், அவர் மகள் ஐந்தாம் வகுப்பில் படித்தாள், விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அம்பத்தேழுதான டீச்சரம்மா? எங்க ஊட்டு மரம் ஒம்போது குடுக்கறோம். மத்தவங்கள கேளுங்க."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். காடு அரசாங்கத்துடையது. ஆனால் எந்தக் கடுக்காய் மரத்தில் எந்த வீடு காய் பொறுக்குவது என்பது மலைக்காரர்களுக்குள் பேச்சளவில் முடிவாகியிருக்கும். ஒரு மரத்தைக் கொடுப்பதென்றால் அந்த வீடு இனி அதன் காயைத் தொடாது. பள்ளி மரங்களை நன்கொடையாகக் கேட்கிறது என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். டீச்சர் திருத்தப் பார்த்தார். படிவம் கேட்பது கன்று, அதுவும் நட்ட கன்று என்றார். அதற்குள் அவர்கள் பட்டை நாரை உரித்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார்கள். பத்து மணிக்குள் ஐம்பத்தேழு மரங்களின் இடுப்பில் நார் கட்டியிருந்தது. நார் கட்டினால் கொடுத்தாயிற்று என்று அர்த்தம்.

ஆய்வாளர் பத்து இருபதுக்கு வந்தார். மூன்று மரங்களைச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டி வந்தவர். மரம் என்ற சொல்லைக் கேட்கும் நிலையில் இல்லை. நாற்பத்து மூன்றை எண்ணினார். மற்றது எங்கே என்றார். வெள்ளையன் காட்டினார். ஆய்வாளர் அண்ணாந்து பார்த்தார்.

"இது கன்னா?"

"ஒரு காலத்துல கன்னுதான் சாமி."

"நட்டது யாரு? அதுக்கு ஒரு கட்டம் இருக்குது இதுல."

"மானுங்க. தின்னுட்டுக் கொட்டையத் துப்பிட்டுப் போவும்."

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். அந்த ஒன்பது பெண்கள் சன்னலில் வரிசையாக நின்று அவர் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நேர்மையான மனிதர். பொய் எழுத மாட்டார். இல்லாத கட்டத்தில் எதையும் எழுதவும் தெரியாது. எண்ணிக்கை: நூறு. நட்டவர்: உள்ளூர்வாசிகள். நட்டுப் பத்து நாட்களுக்குள் உயரம் என்று அச்சடித்த இடத்தில், ஒன்று முதல் நாற்பதடி வரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதம் கழித்து டீச்சர் கடிதம் எழுதினார். ஆறாம் வகுப்பு வந்துவிட்டது, ஒன்பது பேரும் சேர்ந்துவிட்டார்கள். அதே உறையில் மேலிடத்திலிருந்து வந்த குறிப்பு ஒன்றின் நகலும் இருந்தது. கன்றுகள் இவ்வளவு விரைவாக வளர என்ன எரு இடப்பட்டது என்று சங்கச் செயலாளர் தெரிவித்தால் மற்ற பள்ளிகளுக்கும் பரிந்துரைக்கலாம் என்று கேட்டிருந்தது. நான் இன்னும் பதில் எழுதவில்லை. நாற்பத்து மூன்றில் ஒரு புங்கன் பிழைத்தது.

இனி நடைமுறை விஷயங்கள். இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரம். அங்கிருந்து மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்கு நேராகப் பஸ் இருக்கிறது, ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வளைவுகள் அதிகம், காலையில் கம்மியாகச் சாப்பிட்டுக் கிளம்புங்கள். டிசம்பரில் ஸ்வெட்டர் வேண்டும். கன்று எதுவும் எடுத்துப் போக வேண்டாம். அந்தப் பள்ளியைச் சுற்றிப் பிள்ளைகளைத் தாராளமாக நடக்க விடுங்கள். மரத்தடியில் கடுக்காய் கிடக்கும். மரத்தின் இடுப்பில் நார் கட்டியிருந்தால் அந்தக் காயை யாரும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். அது ஆறாம் வகுப்புக்குச் சொந்தம்.